ஏழாவது குச்சியின் கணக்கு

என் தாயி,

நீ போட்ட கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் கொடைக்கானலிலிருந்து சுமை ஏற்றி வரும் குதிரைக்காரர் மடியில் கசங்கி, ஒருவழியாகக் கவுஞ்சி வந்து சேர்ந்தது. வயலுக்குக் கல்கட்டு கட்டிக்கொண்டிருந்தவன் கையைக்கூடக் கழுவாமல் பிரித்துவிட்டேன். உன் அழகான கையெழுத்தின் மேல் என் விரல் மண் அப்பிக்கிடக்கிறது. பாலசமுத்திரத்து வெயில், விடுதிச் சாப்பாடு, பக்கத்து அறை டீச்சரின் குறட்டை எல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவன் கடைசிப் பத்தியில் நின்றுபோனேன். கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார், எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நீ எடுக்கிறாயா என்று பெரிய டீச்சர் கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ எடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் கணக்குச் சொல்லித்தர ஆளே இல்லை என்பதும் அதில் இருந்தது. அதற்குக் கீழே, 'முடியாது என்று சொல்லப் போகிறேன். எனக்கும் கணக்குக்கும் ஒத்துவராது, உங்களுக்குத் தெரிந்ததுதானே அப்பா' என்று ஒரு வரி.

எனக்குத் தெரிந்தது வேறு, தாயி. அதை ஏழு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உன் முன்னால் நடமாடியிருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதில் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழித்துக்கொள், டீச்சரம்மாவுக்கு அதுதானே வேலை. ஆனால் கடைசி வரை படி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் என்று ஆரம்பித்து ஊரையே சுற்றுவது என் வழக்கம் என்பாள் உன் அம்மா. இன்றைக்கும் கொஞ்சம் சுற்றத்தான் செய்வேன், பொறுத்துக்கொள்.

நம் ஊர் மேல் வயல்களுக்கு வாய்க்கால் வெட்டியது உனக்கு மறந்திருக்காது. மீட்டர், கிலோ எல்லாம் அப்போதுதான் கொடைக்கானல் பஜாருக்கு வந்துகொண்டிருந்தது, நாங்கள் இன்னும் அடிக்கணக்கில்தான் இருந்தோம். மலையடியில் ஊற்று இருக்கிறது, மேல் வயல்களில் பூண்டும் கிழங்கும் மாசி வந்தால் காய்கிறது, இரண்டையும் ஒரு வாய்க்காலால் இணைத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான்தான். ரோட்டு வேலையில் இருந்தபோது ஓவர்சீயர் பக்கத்திலேயே நின்று மட்டம் பார்க்கப் பழகியவன் என்ற மிதப்பு. அவரிடமே அந்தக் கருவியை இரவல் வாங்கி வந்தேன். உனக்குக் கிறிஸ்துமஸ் லீவு. கொடைக்கானல் விடுதியிலிருந்து எட்டாம் வகுப்புப் புத்தகங்களோடு வந்திருந்தாய். 'நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறியா தாயி' என்றதும் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடி வந்தாய்.

ஊற்றுத் தலையில் முதல் குச்சி. மேல் வயல் வரை மொத்தம் பன்னிரண்டு. ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்குத் தரை ஏறினால் பிளஸ், இறங்கினால் மைனஸ். எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் மைனஸ் வந்தால் வயல் ஊற்றுக்குக் கீழே இருக்கிறது, தண்ணீர் வரும். பிளஸ் வந்தால் வராது. ஓவர்சீயர் எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். ஏழாவது குச்சியை அளந்து 'மைனஸ் நாலு' என்று நான் கத்தியபோது மூட்டம் இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நின்ற நீயே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வெள்ளனே போய், குச்சி அசைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் அந்த ஏழாவதையே மறுபடி அளந்து மறுபடியும் 'மைனஸ் நாலு' என்று கத்தினேன். முதல் நாள் எழுதியதை அடித்துவிடு என்று உன்னிடம் சொல்லவில்லை. நீயும் நான் சொன்னபடி எழுதிக்கொண்டாய். மீதிக் குச்சிகளையும் அளந்து முடித்துச் சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் மைனஸ் மூன்று. மூன்றடி இறக்கம்! நான் அடுப்படியில் நின்று உன் அம்மாவின் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். 'விடுங்க, கொழம்பு தீயுது' என்று அவள் வைதாள்.

நீதான் நோட்டைத் திரும்பப் பார்த்தாய். "அப்பா, ஏழாவது குச்சி ரெண்டு தடவ விழுந்திருக்குப்பா. ஒண்ண எடுத்துரணும்" என்றாய்.

"எடுத்துரு. கழிச்சுப் போடு."

"கழிச்சா பிளஸ் ஒண்ணு வருதுப்பா. ஏத்தம்."

"ஏ புள்ள, இறக்கத்துல இருந்து நாலைக் கழிச்சா எப்படி ஏத்தம் வரும்? மூணும் நாலும் ஏழு. இறக்கம் ஏழடி. இன்னும் நல்லதாப் போச்சு, எழுது."

"இல்லப்பா. இருக்கறது மைனஸ் மூணு. அதுல இருந்து எடுக்கறது மைனஸ் நாலு. இறக்கத்த எடுத்தா இறக்கம் கொறையத்தான செய்யும்?"

நான் முறைத்தேன். நீ பயப்படவில்லை. அடுப்படியில் ஊறப்போட எடுத்து வைத்திருந்த பீன்ஸ் விதையில் ஒரு பிடி அள்ளி வந்து தரையில் பரப்பினாய். சிவப்பு விதை ஒன்றுக்கு ஓரடி இறக்கம், வெள்ளை விதை ஒன்றுக்கு ஓரடி ஏற்றம், ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் ஜோடி சேர்ந்தால் ஒன்றுமே இல்லை என்றாய். மூன்று சிவப்பை வரிசையாக வைத்தாய். 'இதுல இருந்து நாலு சிவப்ப எடுக்கணும். மூணுதான கெடக்கு? அதனால ஒரு ஜோடியக் கொண்டாந்து பக்கத்துல வைக்கிறேன். ஒண்ணுமில்லாததத்தான வச்சேன், இறக்கம் மாறல. இப்ப நாலு சிவப்பு இருக்கா? எடுத்துட்டேன். பாருங்க' என்று கையை விரித்தாய். தரையில் ஒரே ஒரு வெள்ளை விதை கிடந்தது.

அந்த வெள்ளை விதை எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். ஒரு கணம் புரிந்தது. புரிந்ததும் ஆத்திரம்தான் வந்தது. பன்னிரண்டு குச்சியையும் பிடுங்கி வேறு தடத்தில் நட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும். ஊரில் எல்லோரிடமும் மூன்றடி இறக்கம் என்று அதற்குள் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. 'திங்கிற பொருள வச்சு வெளையாட்டா?' என்று விதைகளை ஒரே வழிப்பாக வழித்துச் சட்டியில் போட்டேன். உன் கையிலிருந்து நோட்டை வாங்கி, மைனஸ் ஏழு என்று எழுதச் சொல்லித் திரும்ப நீட்டினேன். நீ எழுதினாய். பென்சில் முனை உடையும்படி அழுத்தி எழுதினாய். அதைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

தை தொடங்கிப் பங்குனி முடிய ஊரே வெட்டியது. வீட்டுக்கு ஓர் ஆள். தங்கள் வயல் சோலியைப் போட்டுவிட்டு வந்தார்கள். சித்திரையில் உனக்குப் பள்ளிக்கூடம் சாத்தியதும்தான் மடை திறந்தோம். மாவிலைக்குக் கீழ்நாட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தோம். தேங்காய்த் தட்டு உன் கையில். தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடி வந்தது, பிள்ளைகள் கூடவே ஓடின, பத்தாவது குச்சி இருந்த இடம் தாண்டியதும் நடை தளர்ந்தது. அப்புறம் நின்றது. நின்ற தண்ணீர் பின்னால் தேங்கிக் கரை வழிந்து காட்டுப் பக்கம் இறங்கியது. எழுபது பேரும் கரையில் கூடி அதைப் பார்த்தார்கள். 'பிளஸ் ஒண்ணு' என்று நீ சொன்னது அந்த நிமிடம் என் காதில் அப்படியே கேட்டது.

ஊர்ப் பெரியவர் திரும்பி, "என்னப்பா மேஸ்திரி, அளந்தது தப்பா?" என்றார்.

நான் சொன்னேன். இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். "அளந்தது சரிங்க. நோட்டு எம் மக எழுதுனது. புள்ள, கூட்டல்ல பிசகிட்டா" என்றேன்.

"பொட்டப்புள்ள கணக்க நம்பியா ஊரு மூணு மாசம் மண்ணு வெட்டுச்சு?" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். நீ தட்டோடு நின்று என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குத் தேவலை. அடி வாங்கியவனைப் பார்க்கிற மாதிரி, பாவம் என்பது போலப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய்.

வேலை போய்விடும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பயந்துதான் சொன்னேன் என்று எனக்கு நானே பல வருடம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் சும்மா. கல்கட்டுத் தெரிந்தவனுக்கு இந்த மலையில் எங்கே போனாலும் வேலை உண்டு. வெட்கம், அவ்வளவுதான். என்னை மேஸ்திரி என்று கூப்பிட்ட வாய் சிரித்துவிடக் கூடாது என்ற வெட்கம். பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கே மறந்தார்கள்? அதற்கப்புறம் ஊரில் எந்தக் கணக்குப் பிசகினாலும் 'வாய்க்கால் கணக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு உன் காதில் விழும். நான் குனிந்து கல் அடுக்கிக்கொண்டிருப்பேன். அடுத்த வருடம் மலையில் இன்னும் மேலே போய் வேறு ஊற்றில் மடை எடுத்தோம். தண்ணீர் ஜம்மென்று வந்தது. வாய்க்காலைச் சரிபண்ணத் தெரிந்தவனுக்கு உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த இரண்டு கணக்குப் பாடத்தில் அல்ஜீப்ரா இல்லாததை நீ எடுத்தபோது, சரிதான், பிள்ளைக்குத் தன் கணக்கின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது, அதைக் கெடுத்தவன் நான் என்று நினைத்தேன். வியாழக்கிழமை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கணக்கு ஒத்துவராது என்ற வரி வந்ததும் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அவளுக்குக் கணக்கு வராதுன்னு யாரு சொன்னா? வாய்க்கால்ல தண்ணி நின்ன அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருச்சு புள்ள. 'எங் கணக்கு சரிதாம்மா. அப்பாகிட்ட ஒண்ணும் கேட்றாதீங்க, ஊருக்கு முன்னாடி அவருக்குத் தலகுனிவாப் போயிரும்'னு."

கடிதத்தைக் கீழே வைத்தேன். "பெறகு ஏன்டி கணக்க விட்டா?"

"ஏன் விட்டா? நல்லாக் கேட்டீங்க. அவ கணக்கு நோட்ட விரிச்சா நீங்க எந்திரிச்சு வெளிய போயிருவீங்க. ஒருக்காவா ரெண்டுக்காவா? புள்ள பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒம்பதாவதுல எந்தக் கணக்கு எடுக்கப் போறன்னு கேட்டேன். 'அது வேணாம்மா, நான் இருக்கற நேரமாச்சும் அப்பா வீட்டுல உக்காரணும்'னுச்சு."

அட, தாயி. நான் எழுந்து போனது வாஸ்தவம். உன் நோட்டின் கோடுகளைப் பார்த்தாலே அந்தச் சித்திரை வெயிலில் நிற்பது போல உடம்பெல்லாம் எரியும். வெளியே போய் விறகைப் பிளப்பேன், பிளந்த விறகையே மறுபடி பிளப்பேன். நீ அதைக் கவனிக்கிறாய் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. நான் உன்னிடமிருந்து எடுத்தது ஒரு நாள் மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயோ எனக்காக உனக்குப் பிடித்ததையே எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், அதுவும் நான் வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார வேண்டுமே என்று. உன் அம்மா முன்னால் அழுதேன். அவள் தடுக்கவில்லை. 'அழுங்க, இப்பவாச்சும்' என்று மறுபடி பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று வாய்க்காலுக்குத் தூர் வாரும் நாள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்திருந்தார்கள், அன்றைக்கு நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர். ஊர்ப் பெரியவருக்கு இப்போது கண் சரியில்லை, இருந்தாலும் கம்பை ஊன்றிக் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எல்லோரையும் கூப்பிட்டேன். நோட்டில் பிள்ளை சரியாகத்தான் போட்டாள், பிளஸ் ஒன்று, தண்ணீர் வராது என்று என்னிடம் சொன்னாள், மாற்றி எழுத வைத்தது நான், அன்றைக்கு உங்கள் முன்னால் பொய் சொன்னதும் நான் என்றேன். நம் பக்கத்து வயல் வீராயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏன் மேஸ்திரி, இதச் சொல்ல ஏழு வருசமா? நாங்க என்ன உங்க தலையவா வாங்கிருப்போம்? மிஞ்சிப்போனா நாலு நாளு வஞ்சிருப்போம்."

"வையி, இப்ப வையி" என்றேன். வைதார்கள், தாயி. நன்றாகவே வைதார்கள். மூன்று மாதம் மண் வெட்டிய கை வலி எல்லாம் ஏழு வருடம் கழித்து வாய் வழியாக வந்தது. ஒருத்தன், 'இனிமே வாய்க்கால் கணக்குன்னு சொல்லக் கூடாதுப்பா, மேஸ்திரி கணக்குன்னுதான் சொல்லணும்' என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைய நான் பேசிப்புட்டேனேப்பா. எம் பேரப்பிள்ள வயசு. வந்தா எங்கிட்டக் கூட்டியா" என்றார். நீ போவாயோ மாட்டாயோ, உன் இஷ்டம். அவர் சொன்னதை உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதே. உன் டிரங்குப் பெட்டியில் கிடந்த எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராப் புத்தகத்தை இரண்டு வருடமாக நான் உனக்குத் தெரியாமல் படித்து வருகிறேன். எக்ஸ் என்றால் என்ன என்று பிடிபடவே ஒரு மழைக்காலம் போயிற்று. ஐந்து எக்ஸிலிருந்து மைனஸ் இரண்டு எக்ஸை எடுத்தால் ஏழு எக்ஸ் என்பதற்கு இப்போதும் வாசலில் கூழாங்கல் அடுக்கித்தான் பார்க்கிறேன். அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ் நின்றால் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் குறி மாறும் என்பதில் முதல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவேன், எத்தனை தடவை பட்டாலும் புத்தி வராது. போன வாரம் ஒரு பயிற்சியில் பன்னிரண்டில் ஒன்பது சரி. புத்தக ஓரத்தில் நீ சின்னச் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருப்பதெல்லாம்தான் எனக்கு வழி காட்டியது. அச்சடித்தவன் விதியைச் சொல்கிறான். நீ ஏன் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு ஒத்துவராத பிள்ளை எழுதுகிற எழுத்தா அது?

உன் வகுப்பிலும் என்னைப் போன்ற மண்டைகள் நாலு இருக்கும். இரண்டு மைனஸைப் பார்த்ததும் பயத்தில் அவசரமாகக் கூட்டிக் கீழே எழுதிவிடும். மனதுக்குள் ஒரு கணம் புரிந்தாலும் வெட்கத்தில் புரியாத மாதிரி நிற்கும். அதுகளிடம் விதியைச் சொல்லி வாயை அடைக்காமல், கையில் எதையாவது கொடுத்து எடுக்கச் சொல்லிப் பார்க்கிற டீச்சர் வேண்டும். தப்பாய்ப் போட்ட பிள்ளையை ஊர் முன்னால் நிறுத்தாத டீச்சர் வேண்டும். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், உனக்குத் தெரிய வைத்தவன் நான்.

எடு என்று உனக்குக் கட்டளை போட எனக்கு யோக்கியதை இல்லை. உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் முடியாது என்று சொல்லிவிடு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். எனக்காக மட்டும் முடியாது என்று சொல்லாதே. அந்தக் காரணம் நேற்றோடு தீர்ந்தது. நீ எந்த நோட்டை விரித்தாலும் நான் இனிமேல் எழுந்து போகமாட்டேன், எதிரில் உட்கார்ந்து அந்தப் பயிற்சியில் தப்பான மூன்றையும் உன்னிடமே கேட்பேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. தபாலில் போட்டால் இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வராது. அதனால் நாளைக்கு வெள்ளனே குதிரைக்காரர்களோடு கொடைக்கானலுக்கு நடந்து, அங்கே பஸ் பிடித்து வத்தலக்குண்டு, அப்புறம் பழனி, அங்கிருந்து பாலசமுத்திரம் என்று நானே எடுத்து வருகிறேன். திங்கட்கிழமை மணியடிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பியூனிடம் கொடுத்து உன்னிடம் சேர்க்கச் சொல்வேன். முகத்தைப் பார்த்தால் நான் பழையபடி ஏதாவது மழுப்பிவிடுவேன், அதனால்தான் எழுத்தில் தருகிறேன். உங்கள் பெரிய டீச்சரிடம், என் மகளுக்குக் கணக்கு நன்றாக வரும், வராது என்று ஊரை நம்ப வைத்தவன் நான்தான் என்று என் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும், நீ சரி என்றால். வேண்டாம் என்றால் அந்தப் பியூனிடமே சொல்லி அனுப்பு, மனத்தாங்கல் இல்லாமல் பஸ் ஏறிவிடுவேன். அவசரமில்லை, யோசித்துச் சொல். வாசலில்தான் நிற்கிறேன், தாயி.

அப்பா